வட்டத்தில் என் பெயர் இருந்த இடம்

குணசேகரனைத் தோற்கடித்தவன் நான்தான்.

தனவேலு ஜெயித்தார், மக்கள் தீர்ப்பளித்தார்கள் என்றெல்லாம் நீங்கள் சொல்லலாம். வித்தியாசம் இருபத்து மூன்று வாக்குகள். அந்த இருபத்து மூன்றையும் வடலூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றபடி, ஒரே ஒரு தாளைக் கொண்டு பறித்தவன் நான். எனக்கு அந்த ஊராட்சியில் ஓட்டுக்கூடக் கிடையாது!

மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணீரை எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எனக்கு எழுபத்தெட்டு வயது. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். பெல்ட்டுக்கு அடியில் வரிசையாக உருளைகள் இருக்கும். எத்தனை சுழல்கின்றன, எத்தனை நின்றுவிட்டன என்று ஒவ்வொரு ஷிப்டிலும் நடந்துகொண்டே எண்ண வேண்டும். வேலை போய்விட்டது. எண்ணுவது போகவில்லை.

இப்போது மகனுக்கு ஒதுக்கிய குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். வாசலிலிருந்து பால் பூத் வரை அறுநூற்றுப் பன்னிரண்டு காலடி. வழியில் வேப்பமரங்கள் பதினேழு. போன புயலுக்கு முன்பு பதினெட்டு. மருமகள் தோசை ஊற்றும்போதுகூட என்னை அறியாமல் உதடு அசையும். "மாமா, எண்ணாதீங்க. எனக்குக் கை நடுங்குது" என்பாள்.

எண்ணுகிறவனிடம் ஒரு குறை உண்டு. தன்னைச் சேர்த்துக்கொள்ள மறந்துவிடுவான். ஷிப்டில் தலை எண்ணும்போது ஒன்று குறையும்; யாரைக் காணோம் என்று பதறுவேன். பிறகுதான் தெரியும், காணாமல் போனவன் நானென்று. அப்போதெல்லாம் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்...

அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தேர்தலுக்கு முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் ஒரு மனு எழுதினோம். நாங்கள் என்பது பொய்! நான் எழுதினேன். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகளை நிரந்தர வேலையில் சேர்க்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த காலம். நாங்கள் பரீட்சை எழுதி, நேர்முகத் தேர்வுக்கு நின்று, தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் ரயிலேறி வந்தவர்கள். எங்களுக்குப் பின்னால் எங்கள் தம்பிகள் வரிசையில் நின்றார்கள். பயம் வந்துவிட்டது. பயத்துக்கு நல்ல தமிழில் ஒரு சட்டை தைத்துக் கொடுத்தேன்.

"ஏர் பிடித்த கை எந்திரத்துக்கு ஆகாது."

என் வரிதான். எழுதி முடித்ததும் மூன்று முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். எவ்வளவு அழகாக இருக்கிறது என்று நினைத்தேன்! ஏர், எந்திரம்... மோனைக்கு மயங்காதவன் யார்?

கையெழுத்து வாங்கும்போது எங்களிடையே ஒரு வழக்கம் உண்டு. வரிசையாகப் போட மாட்டோம். வரிசையில் போட்டால் முதல் பெயர்க்காரன்தான் தலைவன் என்று மேலே இருப்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அவனுக்குத்தான் முதலில் மெமோ வரும். ஆகவே தாளின் நடுவே தட்டைக் கவிழ்த்து ஒரு வட்டம் வரைவோம். அதைச் சுற்றிச் சூரியக் கதிர்போல ஒவ்வொருவரும் கையெழுத்திடுவோம். வட்டத்துக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. யார் முதலில் போட்டது என்று எவன் கேட்டாலும், எப்போது கேட்டாலும், சொல்லக் கூடாது. கேண்டீனில் டீ டம்ளரை நடுவில் வைத்து, அதன்மேல் கை வைத்துச் சத்தியம் செய்வோம். சிறுபிள்ளைத்தனமாகத் தெரிகிறதா? மெமோ வாங்கிப் பார்த்தவர்களுக்கு அப்படித் தெரியாது.

அன்று முதல் கையெழுத்து என்னுடையது. கடைசிக் கையெழுத்து, நாற்பத்தொன்றாவது, குணசேகரனுடையது.

கோயம்புத்தூர்ப் பையன். இருபத்தேழு வயது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான்.

"ஏனுங்க அண்ணாச்சி, நெலம் குடுத்தவங்க கேக்கறதுல நாயம் இருக்குதுங்களே?"

"நியாயம் இருக்கு. ஆனா இடம் இருக்கா?" என்றேன். பிறகு, வட்டத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த இடைவெளியைக் காட்டினேன். "நீ ஒருத்தன்தான் பாக்கி. நீ போடலேன்னா வட்டம் மூடாது தம்பி. நாப்பது பேரும் உன்னையே பாக்குறாங்க."

போட்டான். அவன் பெயரும் என் பெயரும் தோளோடு தோள் நின்றன. முதலும் கடைசியும் பக்கத்துப் பக்கத்தில். வட்டத்தில் அப்படித்தானே வரும்!

மனுவுக்குப் பதில் வரவில்லை. யாராவது படித்தார்களா என்றுகூட எனக்குத் தெரியாது. இரண்டு படி எழுதி இரண்டிலும் கையெழுத்து வாங்கியிருந்தேன்; ஒன்றை அனுப்பி, ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். நான் எதையும் தூக்கிப் போடுகிறவன் அல்ல.

மூன்று ஆண்டுகள் கழித்து ஒருநாள் காலை ஷிப்டில் அவனும் நானும் சுரங்கத்தின் மேல்தட்டில் நின்றிருந்தோம். மண் வெட்டும் எந்திரத்தின் ராட்சதச் சக்கரம் மண் சுவரை அறுத்துக்கொண்டு போனது. அறுத்த இடத்தில், செங்குத்தாகப் பிளந்த ஒரு கிணறு தெரிந்தது. காலி செய்யப்பட்ட ஏதோ ஊரின் உறைக்கிணறு. மண்ணைப் போட்டுத் தூர்த்திருந்தார்கள். ஆனாலும் வளையம் வளையமாக உறைகள், மண்ணுக்குள் எலும்புபோல...

குணசேகரன் தலைக்கவசத்தைக் கழற்றினான்.

"அண்ணாச்சி, இதுல யாரோ தண்ணி சேந்திக் குடிச்சிருப்பாங்கல்ல?"

"பதினாலு உறை" என்றேன் நான்.

இதுதான் அவனுக்கும் எனக்கும் உள்ள வேறுபாடு. இரண்டு பேர் கண்ணிலும் பட்டது அதே கிணறு. அவன் அந்தக் கிணறு யாருடையது என்று தேடிக்கொண்டு போனான். குடிபெயர்ந்த குடும்பத்தைப் பக்கத்து ஊரில் கண்டுபிடித்தான். போனவன் போய்க்கொண்டே இருந்தான். மனு எழுதிக் கொடுத்தான், விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தான், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தான். கடைசியில் அந்தக் கிணற்று வீட்டுப் பெண்ணையே கட்டிக்கொண்டான். பூங்காவனம் என்று பெயர். அந்த ஊரிலேயே வீடு கட்டிக்கொண்டான். முப்பது ஆண்டுகள் சைக்கிளிலும் பிறகு மொபெட்டிலும் அங்கிருந்துதான் ஷிப்டுக்கு வந்து போனான்.

நான் பதினான்கோடு நின்றுவிட்டேன்.

அவன் ஓய்வு பெற்ற மறு ஆண்டு உள்ளாட்சித் தேர்தல் வந்தது. ஊர்க்காரர்கள் அவனைத் தலைவர் பதவிக்கு நிறுத்தினார்கள். ஊர் எல்லையில் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அவன் கைகூப்பி நிற்கும் படம். கீழே நான்கு சொற்கள்.

"என்றும் நிலமிழந்தோர் பக்கம் நின்றவர்."

என்றுமா?

நான் அந்த ஃப்ளெக்ஸின் முன் நின்றுவிட்டேன். என்றும் என்றால் எத்தனை ஆண்டு? எந்த ஆண்டிலிருந்து? கழிக்க வேண்டிய மூன்று ஆண்டுகளை யார் கழிப்பது? அது அவன் எழுதிய சொல்லல்ல, அச்சகத்துக்காரன் வழக்கமாகப் போடும் சொல் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் தவறான கணக்கு தவறான கணக்குதானே! வாக்காளருக்கு உண்மை தெரிய வேண்டாமா? இதைக் கேட்பது குற்றமா? சொல்லுங்கள்!

இந்த இடம் வரை நான் தலைநிமிர்ந்து பேச முடியும். எந்த நீதிமன்றத்திலும் பேசுவேன்.

ஆனால்... வீட்டுக்கு வந்து, பெட்டியைத் திறந்து, அந்தத் தாளை எடுத்தேன். வட்டத்தைப் பார்த்தேன். பிறகு வெள்ளைத் தாளில் விரற்கடை அகலத்தில் ஒரு துண்டு கத்தரித்து, கோந்து தடவி, என் பெயரின்மேல் ஒட்டினேன்.

உண்மை தெரிய வேண்டும் என்றவன் செய்த முதல் காரியம் அது.

நெய்வேலியில் என்னைத் தெரியாத ஜெராக்ஸ் கடை இல்லை. பஸ் ஏறி வடலூருக்குப் போனேன். கடையில் இருந்த பெண் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எது சார் மேல் பக்கம்? வட்டமா இருக்குதே."

எது மேல் பக்கம்! முப்பத்து நான்கு ஆண்டுகளாக அந்தத் தாளுக்கு மேல் பக்கம் கிடையாது. அப்படி இல்லாதிருக்கத்தான் அந்த வட்டமே. நான் கை நீட்டி, குணசேகரனின் பெயர் உச்சியில் வரும்படி தாளைத் திருப்பிக் கண்ணாடிமேல் வைத்தேன்.

"இங்க ஒரு துண்டு ஒட்டியிருக்குது சார். எடுத்துடட்டுமா?"

"வேண்டாம்!"

கத்திவிட்டேன் போலிருக்கிறது. அவள் மிரண்டுபோய்ப் பொத்தானை அழுத்தினாள். ஒரு பிரதி போதும் என்றேன்.

தனவேலுவிடம் கொடுத்தேன். எதிர்த்து நின்றவர். தண்ணீர் லாரி வைத்திருந்தார். அந்த லாரியின் முகப்பில் நானறிய மூன்று கொடிகள் மாறியிருக்கின்றன. தாளைப் படித்ததும் அவர் முகத்தில் விளக்குப் போட்டதுபோல் ஆயிற்று.

"சாரு! இது இன்னா சாரு, கைல குண்டு குடுக்கறீங்க! மொதல் கையெழுத்தே அவருதா?"

"மேலதானே இருக்கு" என்றேன்.

பொய்யா? மேலேதான் இருந்தது! ஓர் எழுத்தை நான் மாற்றவில்லை. ஒரு பெயரைக் கூடுதலாகச் சேர்க்கவில்லை. நாற்பது பேர் போட்ட கையெழுத்து நாற்பதும் அப்படியே இருந்தன.

நாற்பது.

பிரசாரம் முடியும் நாளன்று சாயங்காலம் அந்த ஊருக்குப் போனேன். என் வாசலிலிருந்து நாலாயிரத்து முந்நூறு காலடி. ஏன் போனேன்? தெரியாது. அடித்தவனுக்கு, பட்ட இடத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றும் போலும். ரேஷன் கடை முன்னால் கூட்டம். நூற்றுப் பதினெட்டுப் பேர். வழக்கம்போல் என்னைச் சேர்க்காமல். ஒவ்வொருவர் கையிலும் அந்தத் தாளின் நகல்.

குணசேகரன் நடுவில் நின்றான். கோவிந்தன் என்பவர் தாளை அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். காண்ட்ராக்ட் வேலையிலேயே தலை நரைத்தவர்.

"இன்னாய்யா இது? 'ஏர் பிடித்த கை எந்திரத்துக்கு ஆகாது.' நீ எழுதினதா?"

"நான் எழுதலீங்க. கையெழுத்து என்னுதுதானுங்க."

"மொதல் கையெழுத்து!" என்று பின்னாலிருந்து தனவேலுவின் ஆள் ஒருவன் கத்தினான்.

குணசேகரன் தாளை வாங்கிப் பார்த்தான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கண் உச்சியில் இருந்த தன் பெயரில் நின்றது. பிறகு பக்கத்திலிருந்த வெற்றிடத்துக்கு நகர்ந்தது. அங்கே நின்றது. நிமிர்ந்தான். நூற்றுப் பதினெட்டுத் தலைகளுக்கு மேலாக நேரே என்னைப் பார்த்தான்.

ஒரே ஒரு சொல் போதுமாயிருந்தது. 'கடைசி.' நான் கடைசியாகப் போட்டவன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்படியானால் முதல் ஆள் யார் என்று கேட்பார்கள். டீ டம்ளரின்மேல் கை வைத்துச் சொன்ன வார்த்தை...

அவன் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேனா?

"எழுதினது யாரா இருந்தா என்னங்க? நான் போட்டதுக்கு நான்தான் பதில் சொல்லோணும்" என்றான். "அன்னைக்கு அப்படித்தான் நெனச்சேன். தப்பா நெனச்சேன்."

"எப்ப சரியா நெனச்ச? எலெக்சன் வந்தப்பவா?"

சிரிப்பு.

"கெணத்தப் பார்த்தப்பங்க."

"அப்ப ஓட்டையும் கெணத்துலயே போயி கேளு!"

இன்னும் பெரிய சிரிப்பு. கோவிந்தன் மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்கடா" என்றார். "எங்கப்பன் நெலத்துல கூலிக்குப் போனவரு. நெலம் போனதும் இவங்க கேண்டீன்ல எச்ச எல எடுத்தாரு. நான் ஐ.டி.ஐ. படிச்சிட்டு வந்து வாசல்ல நின்னேன். ஒங்கள வேலைக்கு வேணாம்னு எழுதிக் குடுத்திருக்காங்கடான்னு அப்பவே சொன்னாங்க. யாருன்னு தெரியல." குணசேகரன் பக்கம் திரும்பினார். "இத்தினி வருசம் ஒன் வூட்டுலதான்யா டீ குடிச்சிகினு இருந்தேன்!"

கோவிந்தனின் கோபம் தவறு என்று நான் சொல்லவே மாட்டேன். அவருக்கு உரிமை உண்டு. ஒரு மனிதனை அவன் பழைய எண்ணத்தைக் கொண்டு எடை போடலாமா என்று கேட்டால், போடலாம் என்றுதான் சொல்வேன். தாராளமாகப் போடுங்கள்! ஆனால் முழுவதையும் தட்டில் வையுங்கள். தவறாக நினைத்த ஆண்டுகள் மூன்று. அதற்கு எதிராக நடந்த ஆண்டுகள் முப்பத்தொன்று. ஏன் யாருமே மறுபக்கத்தை எண்ணவில்லை?

தனவேலு எந்தக் காலத்திலும் எதையும் நம்பியவரல்ல. அதனால் அவரைப் பற்றி எந்தப் பெட்டியிலும் ஒரு தாள் இல்லை. ஒன்றை நம்பி, அது தவறென்று கண்டு, மாறிய மனிதன் தோற்றான். எதையுமே நம்பாதவர் ஜெயித்தார். நீங்களும் அந்த ஊரில் இருந்திருந்தால் அப்படித்தானே குத்தியிருப்பீர்கள்? இல்லையென்று சத்தியம் செய்வீர்களா?

எழுதி முடித்த பிறகு படித்துப் பார்க்கிறேன். இந்த வாதம் மிக நன்றாக இருக்கிறது. ஏர், எந்திரம் போலவே நன்றாக இருக்கிறது...

அன்று அந்தக் கூட்டத்திலேயே இன்னொன்று நடந்தது. பூங்காவனம் கணவன் கையிலிருந்து தாளை வாங்கினாள். அந்த மனுவைப் பற்றி அவளுக்கு அதுவரை தெரியாது. முகத்திலேயே தெரிந்தது. தாளை மெதுவாகச் சுற்றினாள். ஒரு சுற்று. மறுபடி ஒரு சுற்று.

"வட்டமால்ல இருக்குது? இதுல யாரு மொதல்ல, யாரு கடைசின்னு எப்பிடிச் சொல்றீங்க?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். பிறகு விரலை ஓர் இடத்தில் வைத்தாள். "இன்னா இது, இவரு பேரு பக்கத்துல பல்லு வுழுந்தா மாதிரி?"

அச்சுப் பிழை என்றான் தனவேலுவின் ஆள்.

இருபத்து மூன்று வாக்குகள்.

முடிவு வந்து ஒன்பதாம் நாள் காலை, அவள் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். கையில் ஒரு பையில் பலாச்சுளை. மருமகள் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்ததும் இடுப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்து என் முன்னால் விரித்தாள். மடித்து மடித்து நான்காகக் கிழிய இருந்தது.

"அண்ணே, நீங்க எதையும் மறக்க மாட்டீங்களாமே. அவரு சொல்வாரு. இதுல எத்தினி பேரு இருக்குது, எண்ணிச் சொல்லுங்க."

எண்ணினேன். எண்ணுவதுபோல் நடித்தேன்.

"நாப்பதும்மா."

"நானும் நாப்பதுதான் எண்ணினேன். அவரு நாப்பத்தொண்ணுன்றாரு. அவரு பக்கத்துல நின்னவரு யாருன்னு கேட்டா, 'அதக் கேக்காத பூங்கா'ன்றாரு. முப்பது வருசத்துல எங்கிட்ட மறைச்சது இது ஒண்ணுதான்."

தாளை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"எலெக்சன் போனா போவுது. எங்கண்ணன் அந்த வருசம் வேலைக்கு எழுதிப் போட்டுகினு இருந்தான்ணே. மூணு தபா போட்டான். அப்பறம் திருப்பூருக்குப் போனவன், எங்கப்பா சாவுக்குத்தான் வந்தான். இப்ப அவன் போன் பண்ணிக் கேக்கறான், ஒம் புருசன்தான் இதுக்குத் தலைவனான்னு. நான் அவனுக்கு ஒரு பதில் சொல்லணும். இவரா ஆரம்பிச்சாரா, இல்ல யாராவது சொல்லிப் போட்டாரா? அது மட்டும் தெரிஞ்சா எனக்குப் போதும். மத்தத நான் பாத்துக்குவேன்."

அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு வாக்கியம். 'அவன் கடைசியாகப் போட்டான், தயங்கித்தான் போட்டான், நான்தான் போடச் சொன்னேன்.' அவ்வளவுதான்! சத்தியம் என்னைக் காப்பதற்காகச் செய்யப்பட்டது. அதை அவிழ்க்க என் ஒருவனால்தான் முடியும். அவன் நம்பிக்கையை மாற்றிக்கொண்டவன். ஆனால் அந்த நம்பிக்கைக்காகக் கொடுத்த வார்த்தையை, மனைவியிடம்கூட, மாற்றவில்லை. நானோ...

"எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

தண்ணீர்ச் சொம்போடு வந்த மருமகள் சிரித்துவிட்டாள். "மாமாவுக்கா ஞாபகம் இல்ல? எங்க கல்யாணத்துல ரெண்டாம் பந்தியில எத்தனை பேர் உக்காந்தாங்கன்னு இன்னைக்கும் சொல்வாரே!"

பூங்காவனம் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். எனக்கு அது வரும். அவள் தண்ணீரைக் குடித்தாள். தாளை மடித்து இடுப்பில் செருகினாள்.

"சரிங்கண்ணே."

எங்கள் வீட்டுக்குப் படிகள் ஒன்பது. நாலாவது படியில் நின்றாள். திரும்பவில்லை. பிறகு இறங்கிப் போனாள். பலாச்சுளையை யார் தின்றார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் தின்னவில்லை.

ஆண்டுகள் ஆகிவிட்டன. கோவிந்தன் இப்போது அந்த வீட்டில் டீ குடிப்பதில்லை. திருப்பூர் அண்ணன் போனில் பேசுவதையும் நிறுத்திவிட்டான் என்று கேள்வி. அடுத்த தேர்தல் பேச்சு மறுபடி எழுந்திருக்கிறது. நிற்கப்போவதில்லை என்று குணசேகரன் சொல்லிவிட்டானாம்.

சில நாள் பால் பூத்தில் சந்திக்கிறோம். டவுன்ஷிப் பால்தான் அவனுக்குப் பழக்கம்.

"வணக்கமுங்க அண்ணாச்சி."

"வா தம்பி."

அவ்வளவுதான். அந்தக் கூட்டத்தில் என்னைப் பார்த்த பார்வையை அவன் ஒருபோதும் மறுபடி பார்க்கவில்லை. அந்த வணக்கத்தில் குத்தல் இல்லை, ஏளனம் இல்லை. இருந்திருந்தால் நிம்மதியாக இருக்கும்! இதுவரை எத்தனை வணக்கம் என்று எண்ணிக்கொண்டு வந்தேன். இருநூற்றாறில் விட்டுவிட்டேன். என் வாழ்நாளில் எண்ணிக்கையை நானாக நிறுத்தியது அது ஒன்றுதான்.

என்ன கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும். இப்போது அந்த மனுவை நம்புகிறாயா? இல்லை. எப்போது விட்டாய்? தெரியாது! குணசேகரனுக்கு மாறிய நாள் தெரியும். காலை ஷிப்ட், மேல்தட்டு, ஒரு கிணறு. எனக்கு அப்படி ஒரு நாள் இல்லை. நான் மாறியது எனக்கே தெரியாமல் போயிற்று. ஒருவேளை அதனால்தான் அவன்மேல் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ? அவனுக்கு மாலை போட்டார்கள்... அதே பாவம் செய்த நான் ஓரமாக நின்று மரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் பெட்டியைத் திறந்தேன். அசல் தாளை எடுத்தேன். ஒட்டிய துண்டைப் பிரித்துவிட்டு, அதை அப்படியே பூங்காவனத்திடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சொல்ல வராவிட்டால் தாளே சொல்லட்டும்!

நகத்தால் நெம்பினேன். கோந்து இறுகியிருந்தது. தண்ணீர் தொட்டு வைத்து, மெல்ல உரித்தேன். துண்டோடு சேர்ந்து அடியிலிருந்த தாளும் உரிந்து வந்துவிட்டது. என் பெயர் இருந்த இடத்தில் இப்போது ஓர் ஓட்டை. வெளிச்சத்தில் பிடித்தால் வேப்பமரம் தெரிகிறது.

ஆகவே, சாட்சி இல்லை. மற்ற முப்பத்தொன்பது பேரில் பாதிப் பேர் இறந்துவிட்டார்கள், மீதிப் பேர் ஓய்வு பெற்றதும் சொந்த ஊர்களுக்குப் போய்விட்டார்கள். இனி அது யார் என்று சொல்லக்கூடிய வாய்கள் இரண்டு. ஒன்று சொல்லாது.

மற்றது இதோ சொல்லிவிட்டது. ஆனால் யாரிடம்? இன்று காலைகூட அந்த ஊரை நோக்கி நடந்தேன். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதாவது அடியில், ஃப்ளெக்ஸ் வைத்திருந்த இடத்தில், திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

கவனித்தீர்களா? ஊரின் பெயரை நான் சொல்லவே இல்லை. மற்ற பெயர்களையும் மாற்றிவிட்டேன். அந்த ஊருக்கு வருகிற பத்திரிகைகள் இரண்டு. இது அவற்றில் ஒன்றல்ல.

என்னைத் திட்டுங்கள். தீர்ப்புச் சொல்லுங்கள். என் பழைய எண்ணத்தையும் புதிய எண்ணத்தையும் எந்தத் தட்டில் வேண்டுமானாலும் வையுங்கள். உங்களில் ஒருவருக்காவது அந்த ஊரில் ஓட்டு இருக்கிறதா? இல்லை. பூங்காவனத்தை ஒருவருக்காவது தெரியுமா? தெரியாது.

எண்ணிப் பார்த்துத்தான் உங்களைத் தேர்ந்தெடுத்தேன்.